மக்கள் வாக்கும் குடியரசுத் தலைவர் பதவியும்
(நாங்குநேரி அரசியல் ஆராய்ச்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய தலைமை உரை)



தோத்தாத்திரிநாதன் சந்நிதியாலும் வானமாமலை மடத்தாலும் வைணவ உலகெங்கும் பெயர் பெற்ற இந்த நாங்குநேரியில், நாட்டின் முதற்குடிமகனைக் குடிமக்கள் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒரு முறையை ஜனநாயகம் என்று சொல்லத் தகுமா என்ற கேள்வியை விசாரிப்பதற்காக நீங்கள் கூடியிருக்கிறீர்கள். இக்கேள்வியை டெல்லியில் எழுப்புவதைவிட இங்கே எழுப்புவது பொருத்தம் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் நேர்முகத் தேர்தலும் மறைமுகத் தேர்தலும் அருகருகே நடைபெறும் இடம் இது. ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்குநேரிப் பேரூராட்சியிலோ, 2022 ஆம் ஆண்டுத் தேர்தலில், மக்கள் வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, அவ்வுறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வரப்பு ஒன்றே நடுவில் கிடக்க, இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நாங்குநேரி வாக்காளரின் பங்கு எவ்வாறு டெல்லிக்குச் சென்று சேர்கிறது என்பதை முதலில் கண்முன் நிறுத்திக்கொள்வோம். அரசியல் சட்டத்தின் 54 ஆம் பிரிவின்படி, நாடாளுமன்ற இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள, மக்களாலோ மக்கள் பிரதிநிதிகளாலோ தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கே அத்தேர்தலில் வாக்குரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு இல்லை. இத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்று, இளஞ்சிவப்பு நிற வாக்குச்சீட்டைப் பெற்று, தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவினால், வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2 என்று தம் விருப்ப வரிசையைக் குறித்துப் பெட்டியில் இடுகிறார். அந்தப் பெட்டிக்கு, 2022 ஆம் ஆண்டுத் தேர்தலில், விமானத்தில் தனி இருக்கையே பதிவு செய்து டெல்லிக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு சீட்டுதான் என்றாலும் அதன் மதிப்பு 176. தமிழ்நாட்டின் 1971 ஆம் ஆண்டு மக்கள்தொகையாகிய 4,11,99,168 ஐ 234 உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து, அதனை ஆயிரத்தால் வகுத்துக் கிடைத்த எண் அது. உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் சீட்டுக்கு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. நாட்டிலுள்ள சட்டமன்ற உறுப்பினர் அனைவருடைய மதிப்புகளையும் கூட்டி, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகையால் வகுத்தால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு கிடைக்கும். 2022 இல் அது 700. மாநிலங்களின் குரலும் மத்தியின் குரலும் தராசில் சமமாக நிற்கவேண்டும் என்பதே இக்கணக்கின் உத்தேசம்.

இம்முறையை வகுத்தவர்கள் மக்களிடம் அவநம்பிக்கை கொண்டு வகுத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. வயதுவந்தோர் அனைவருக்கும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி, ஒரே கையெழுத்தில் வாக்குரிமை அளித்து, முதற் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 17 கோடிப் பேரைப் பட்டியலில் ஏற்றியவர்கள் அவர்கள். அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே.டி. ஷா, குடியரசுத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று விடாப்பிடியாக வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் அதற்குச் சொன்ன மறுமொழியின் சாரம் இதுதான்: நாம் அமைப்பது அமைச்சரவை ஆட்சி; மெய்யான அதிகாரம் மக்களவைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருக்கும்; அப்படியிருக்க, நாடு முழுவதையும் வாக்குச்சாவடிக்கு வரவழைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வது முறையாகாது. வாதத்தில் தோற்ற ஷா, 1952 ஆம் ஆண்டின் முதல் தேர்தலில், தாம் எதிர்த்த அதே முறையின் கீழ் ராஜேந்திர பிரசாதை எதிர்த்து நின்று, 5,07,400 க்கு எதிராக 92,827 மதிப்பு வாக்குகள் பெற்றார். கொள்கைக்காக வாதாடியவர், அக்கொள்கை தோற்ற பின்னும் களத்தைவிட்டு விலகாமல் நின்றதை நம் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும்.

என் அபிப்பிராயத்தில் நேருவும் அம்பேத்கரும் கூறியதில் ஒரு பிரமாணம் அடங்கியிருக்கிறது. ஒரு பதவியில் எவ்வளவு அதிகாரம் குவிந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அப்பதவி மக்களின் நேர்ச் சம்மதத்தைப் பெற்றாகவேண்டும் என்பதே அது. இதை உரைத்துப் பார்க்கக் கடலுக்கு அப்பால் இலங்கை இருக்கிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அங்கே முழு நிர்வாக அதிகாரமும் கொண்ட ஜனாதிபதியைப் படைத்து, அவரை மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் 2022 ஆம் ஆண்டு மக்கள் கிளர்ச்சியில் கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தபோது, இடையில் காலியாகும் பதவிக்கு நாடாளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியின்படி, ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியானார். அவருடைய கட்சி 2020 பொதுத்தேர்தலில் ஒரு தொகுதியில்கூட வெல்லாமல், தேசியப் பட்டியல் வழியாக ஓர் இடம் மட்டுமே பெற்றிருந்தது; அந்த ஓர் இடத்தில் அவைக்கு வந்தவர் அவர். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் படையும் கஜானாவும் அமைச்சரவையும் ஒருவர் கையில் இருக்கும் பதவியை, மக்கள் வாக்கு ஒன்றும் இல்லாமல் 134 பேர் கொடுத்தார்கள் என்பதில் ஜனநாயகம் மெலிந்துபோயிற்று என்றே சொல்வேன். 2024 செப்டம்பரில் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அநுர குமார திசாநாயக்கவைத் தேர்ந்தெடுத்த பிறகே அந்தக் குறை நீங்கிற்று. 2022 இல் நாடாளுமன்றத்தில் அவர் பெற்ற வாக்குகள் மூன்று.

இதற்காக நேர்முகத் தேர்தல் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1848 டிசம்பரில் பிரெஞ்சு மக்கள் பெருவாரியான வாக்கால் தேர்ந்தெடுத்த லூயி நெப்போலியன், மூன்றே ஆண்டுகளில் சட்டமன்றத்தைக் கலைத்து, அடுத்த ஆண்டில் சக்கரவர்த்தியாகவும் ஆகிவிட்டார். ஜெர்மனியில் மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்த ஹிண்டன்பர்க்கே 1933 ஜனவரியில் ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தார். சிங்கப்பூரிலோ, 1991 இல் சட்டத்தைத் திருத்தி மக்களே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஆனால் தமிழரான எஸ்.ஆர். நாதன் 1999 இலும் 2005 இலும் போட்டியின்றியே பதவியேற்றார். தகுதி விதிகளைக் கடந்து வேறு வேட்பாளர் நிற்காதபோது, நேர்முகத் தேர்தல் என்ற சட்டம் ஏட்டிலிருந்தும் வாக்காளர் கைக்குச் சீட்டு வரவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதைத் தட்டிக்கழிப்பது அறிவுடைமையாகாது. 1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டாரே, மக்களால் நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்தால் மறுத்திருப்பாரல்லவா என்று கேட்கிறார்கள். மறுத்திருக்கலாம். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவரும் மக்களவையின் நம்பிக்கை பெற்ற ஒரு பிரதமரும் எதிரெதிராக நின்று, மக்கள் என் பக்கமே என்று இருவரும் வழக்காடினால், அந்த வழக்கைத் தீர்ப்பதற்கு இந்நாட்டில் நீதிமன்றமும் இல்லை, தேர்தலும் இல்லை. மேலும், மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு முதுகெலும்பு இராது என்பதும் உண்மையன்று. 1997 இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்டு வந்த பரிந்துரையைக் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. 2006 இல் நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். இவ்விருவரும் இந்த இளஞ்சிவப்புச் சீட்டுகளாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பச்சைச் சீட்டுகளாலும் வந்தவர்களே.

ஆகவே, மக்கள் நேராக வாக்களிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நம் குடியரசுத் தலைவர் தேர்தல் ஜனநாயக விரோதமானதாகிவிடாது என்பது என் முடிவு. ஆனால் அத்துடன் நின்றுவிடுவதற்கில்லை. பிரதிநிதி வழியாக வாக்களிப்பது ஜனநாயகமாக நிலைக்கவேண்டுமானால், என் பிரதிநிதி எனக்காக என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியவேண்டும். அந்த 176 இத்தொகுதி மக்களுடைய 176. உறுப்பினருடைய சொந்தச் சொத்தன்று. அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாங்குநேரியில் உள்ள ஒரு விவசாயியோ ஒரு பீடித் தொழிலாளியோ கேட்டால், சட்டம் அவர்களுக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. வாக்குப்பதிவு இரகசியமாகவே நடைபெறவேண்டும் என்று 55 ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு விதிக்கிறது.

இரகசிய வாக்கு ஏன் தோன்றிற்று? மிராசுதாருக்கு முன் குத்தகைக்காரனும், முதலாளிக்கு முன் கூலிக்காரனும் அஞ்சாமல் வாக்களிப்பதற்காக, எளியவனுக்குக் கிடைத்த கவசம் அது. மக்களின் பெயரால் வாக்களிக்கும் பிரதிநிதி அக்கவசத்தை அணிந்துகொண்டால், அது மக்களிடமிருந்தே அவரைக் காக்கும் கவசமாகிவிடுகிறது.

இரகசியத்தை ஆதரிப்போர் 1969 ஆம் ஆண்டைச் சான்று காட்டுவார்கள். அந்தச் சான்று கனமானது. குடியரசுத் தலைவராயிருந்த ஜாகிர் உசேன் மே மாதம் மறைந்தபின், காங்கிரஸின் தலைமை நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கிற்று. அம்முடிவுக்குத் துணைநின்றவர்களில், அந்த ஆண்டு ஜனவரியில்தான் நமக்கு அடுத்த நாகர்கோவில் தொகுதி மக்களவைக்கு அனுப்பிய காமராஜரும் ஒருவர். வேட்புமனுவில் கையெழுத்திட்ட பிரதமர் இந்திரா காந்தி, பிறகு மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். ரெட்டியை எதிர்த்து நின்ற வி.வி. கிரி முதல் விருப்ப எண்ணிக்கையில் 4,01,515 பெற்றும் பெரும்பான்மைக்கு எட்டாமல், மூன்றாமவராகிய சி.டி. தேஷ்முக்கின் சீட்டுகளிலிருந்த இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகே, 4,20,077 க்கு 4,05,427 என்று வென்றார். அவ்வாண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. பெட்டி இரகசியமாக இராதிருந்தால் மனச்சாட்சி வென்றிருக்குமா என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வென்றது எத்தனை பேருடைய மனச்சாட்சி, எத்தனை பேருடைய அச்சம், எத்தனை பேருடைய ஆசை என்று அன்று வாக்காளர்கள் தெரிந்துகொள்ள வழி இருந்ததா? மனச்சாட்சிப்படி வாக்களித்தவர் தம் தொகுதிக்குத் திரும்பி வந்து, இன்ன காரணத்தால் கட்சியை மீறினேன் என்று மேடையேறிச் சொல்வதில் என்ன குறை வந்துவிடும்? இத்தேர்தலில் கொறடா உத்தரவுக்கு இடமில்லையாகையால், கட்சியை மீறியதற்காக அவர் உறுப்பினர் பதவியை இழக்கவும் போவதில்லை.

இந்த நோயின் சிறிய உருவத்தை நம் திருநெல்வேலியிலேயே காணலாம். தமிழ்நாட்டில் மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் 1996 இலும் 2001 இலும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்தார்கள்; 2006 இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்; 2011 இல் மீண்டும் மக்கள்; பிறகு சட்டம் இப்படியும் அப்படியுமாகப் புரண்டு, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மறுபடியும் உறுப்பினர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும், தனக்கு அந்த நேரத்தில் எது அனுகூலமோ அதையே கொள்கை என்று சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் திருநெல்வேலி மேயர் விலகியபின், ஆகஸ்டில் 55 உறுப்பினர் மன்றத்தில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் புதிய மேயர் 30 வாக்குகளும் எதிர்த்து நின்றவர் 23 வாக்குகளும் பெற்றார்கள். என் வார்டு உறுப்பினர் எந்தப் பக்கம் என்று பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ உள்ள ஒருவர் அறிய வழியில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவதும், குப்பை அள்ளுவதும், சொத்துவரி விதிப்பதும் இவர்கள் பொறுப்பு. இங்கே அதிகாரம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. நான் சொன்ன பிரமாணத்தின்படி மேயரையும் பேரூராட்சித் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுப்பதுதான் நியாயம்.

நம் வட்டாரப் பெருமை பேசுவோர் இவ்விடத்தில் மானூர்க் கல்வெட்டை நினைவூட்டுவார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியதாகிய அந்தப் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சாசனம், சபையில் யார் அமரலாம் என்று விதிக்கிறது: ஊரில் நிலப்பங்கு வேண்டும், வேதமும் தர்மமும் கற்றிருக்கவேண்டும், நல்லொழுக்கம் வேண்டும். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடம் இல்லை. ஆகையால் அதை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் ஒரு விதி என் சிந்தையை விட்டு அகலவில்லை. எந்தத் தீர்மானம் வந்தாலும் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டை இடுபவருக்கும், அவருக்குத் துணைநிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்பது அது. தண்டம் விதித்ததை நான் மெச்சவில்லை. தண்டம் விதிக்க முடிந்தது என்றால், சபையில் யார் என்ன சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதையே கவனிக்கிறேன்.

வாக்கு மதிப்புக்கு அடிப்படையான மக்கள்தொகைப் பிரச்சினையைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1971 கணக்கை நீக்கி 2011 கணக்கை வைத்தால் நம் உறுப்பினரின் மதிப்பு 308 ஆகும்; உத்தரப் பிரதேசத்தவரின் மதிப்பு 496 ஆகும். குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நிறைவேற்றிய மாநிலம் அதற்காகவே குரல் இழக்கும் நிலை இது. ஒரு மனிதர், ஒரு மதிப்பு என்ற கொள்கைக்கும் கூட்டாட்சியின் நியாயத்துக்கும் உள்ள இப்பிணக்கை ஆராயும் கட்டுரைகள் பிற்பகல் அமர்வில் வரவிருப்பதால், அவற்றின் ஆசிரியர்களுக்கே அதை விட்டுவிடுகிறேன்.

நான் உங்கள் முன் வைக்க விரும்பும் யோசனை இதுதான். குடியரசுத் தலைவரைப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் எண்ணிக்கை முடிந்த மறுநாளே, ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வாறு வாக்களித்தார் என்பதைத் தேர்தல் ஆணையம் தொகுதிவாரியாக வெளியிடட்டும். மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் வாக்குச்சீட்டை உறுப்பினர் தம் கட்சியின் முகவருக்குக் காட்டவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது கதவைத் திறந்ததுதான், ஆனால் கட்சி இருக்கும் பக்கம் திறந்தது. நான் கேட்பது வாக்காளர் இருக்கும் பக்கத்துக் கதவை. 55 ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களேனும் இசையவேண்டும் என்பதால் இது எளிதில் கைகூடுவதன்று. வெளியிடுவதால் பழிவாங்கலும் பணநடமாட்டமும் பெருகுமா குறையுமா என்பதில் அனுபவம் மிக்க பலர் என்னோடு மாறுபடுவார்கள் என்பதையும் அறிவேன். அந்த மாறுபாடுகளை முதல் அமர்விலேயே தாட்சணியமின்றி எடுத்துரைக்கும்படி வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.