கோச்சை மாற்றினால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மெக்கானிக்கல் துறை 2010ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"என்னப்பா பேசப் போறே?" என்று செயலாளர் அண்ணன் போன வாரம் கேட்டார். "தோத்துப்போன ஒரு டீமைப் பத்திப் பேசலாம்னு இருக்கேண்ணே" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா வேற விஷயமே கிடைக்கலியா?" என்றார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று காலை நம் பழைய ஒர்க் ஷாப்பைப் பார்க்கப் போனேன். கல்லூரிகளுக்கு இடையிலான கார் போட்டிக்கு நம் மாணவர்கள் செய்த வண்டி அங்கே ஓரமாக நிற்கிறது. பிரேக் சோதனையில் தேறாமல், ஓடாமலே திரும்பி வந்த வண்டி. பக்கத்தில் இரண்டு தம்பிகள். "என்னப்பா ஆச்சு?" என்றேன். ஒரு தம்பி சட்டென்று, "கேப்டனை மாத்தினாத்தாண்ணா உருப்படும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வசனத்தை அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 12 வருடம் கேட்டிருக்கிறேன்.

2012இல் எம்.எஸ். படிக்க மிச்சிகன் மாநிலம் போனேன். பிறகு அங்கேயே கார் உதிரி பாகம் டிசைன் செய்யும் வேலை. நான் போன மறு வருடம், 2013 ஜூலையில், டெட்ராய்ட் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. சுமார் 1,800 கோடி டாலர் கடன். ஊரெங்கும் பூட்டிய தொழிற்சாலைகள். அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஃபுட்பால் டீம்.

ஃபுட்பால் என்றால் நம்ம ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்து. பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். கையால் விளையாடுவதற்கு ஃபுட்பால் என்று பேர் வைத்தவர்களிடம் நியாயம் கேட்கவா முடியும்?

இந்த லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957இல். அதற்குப் பிறகு 2023 சீசன் தொடங்கும் வரை, பிளே-ஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றில் அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். 1992 ஜனவரி 5ஆம் தேதி, டல்லாஸ் அணிக்கு எதிராக. அறுபத்தைந்து வருடத்தில் ஒன்று! நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் நல்ல சாம்பார் கிடைத்த கணக்கு கூட இதைவிட அதிகம்.

எங்கள் கம்பெனி டூல் ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். டை செய்வதில் கெட்டிக்காரர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர். அவர் அப்பா காலத்திலிருந்தே லயன்ஸ் சீசன் டிக்கெட் இரண்டு வைத்திருக்கிற குடும்பம். "இப்படித் தோக்கிற டீமை விட்டுட்டு வேற டீம் பாக்கக் கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டேன். "உங்க ஊர்ல அப்பாவை மாத்துவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த லீக் எப்படி அமைந்திருக்கிறது என்பதை இஞ்சினியர்கள் கவனிக்க வேண்டும். மொத்தம் 32 அணிகள். நாடு தழுவிய டி.வி. வருமானம் எல்லோருக்கும் சம பங்கு. சம்பளத்துக்கு மொத்தமாக ஒரு உச்சவரம்பு. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடம் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே அது கிடையாது. கல்லூரிகளிலிருந்து வரும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில், கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பரீட்சையில் கடைசி மார்க் வாங்கினவனுக்கு அடுத்த வருடம் முதல் பெஞ்சும் நல்ல நோட்ஸும் கொடுப்பது மாதிரி.

இத்தனை ஊன்றுகோல் கொடுத்தும் ஒரு அணி வருடக்கணக்கில் எழுந்திருக்கவில்லை என்றால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. தோற்றாலும் முதலாளிக்கு வருமானம் குறையாது என்பது இன்னொரு பக்கம். ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் கிளே ஃபோர்டு 1963-64இல் வாங்கிய அணி அது. 2014 மார்ச்சில் அவர் காலமாகும் வரை ஐம்பது வருடம் அவரிடமே இருந்தது.

2001இல் மேட் மில்லன் என்பவரை அணியின் நிர்வாகத் தலைவராக நியமித்தார்கள். ஆட்டக்காரராக நான்கு தடவை சூப்பர் பவுல் வென்ற அணிகளில் இருந்தவர். டி.வி. வர்ணனையிலும் நல்ல பேர். ஆனால் ஒரு அணியை நிர்வாகம் செய்து ஒரு நாள்கூடப் பழக்கமில்லை. 2003, 2004, 2005 மூன்று வருடமும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிற ஆளையே எடுத்தார். முன்னால் நின்று தடுக்க ஆள் இல்லை. அஸ்திவாரம் போடாமல் மூன்று வருடமும் ஜன்னலே வாங்கின கதை.

அவர் கொண்டுவந்த முதல் கோச் மார்ட்டி மார்ன்ஹின்வெக். 2002 நவம்பர் 24, சிகாகோ அணியோடு ஆட்டம் சமநிலை. கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி என்பது அப்போதைய விதி. டாஸ் லயன்ஸுக்கு விழுந்தது. பந்தைத்தானே கேட்க வேண்டும்? "காற்று எங்களுக்குச் சாதகமான பக்கம் போதும்" என்று பந்தை எதிராளிக்குக் கொடுத்தார் கோச். சிகாகோ அந்தப் பந்தைக் கொண்டுபோய் 20-17 என்று ஜெயித்துவிட்டது. காற்று மட்டும் மிச்சம்!

அந்த கோச் போனார். அடுத்தவர் வந்தார், 2005 நவம்பரில் அவரும் போனார். தற்காலிகமாக ஒருவர். பிறகு இன்னொருவர். ஆனால் இவர்களை எல்லாம் தேர்ந்தெடுத்த மனிதர் அதே நாற்காலியில் இருந்தார். 2005 டிசம்பரில் ரசிகர்கள் பொறுக்க முடியாமல் அவரை நீக்கச் சொல்லி ஊர்வலம் போனார்கள். அதே மாதம் சின்சினாட்டி அணி ஆட வந்தபோது, எதிரணியின் நிறமான ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு சொந்த மைதானத்தில் உட்கார்ந்தார்கள். நம் பெரியவரும் அதில் ஒருவர். "அப்பா வாங்கின சீட்ல எதிராளி கலர்ல உக்காந்தேன். வெக்கமா இருந்துது. ஆனா வேற எப்படிச் சொல்றது?" என்றார்.

அதற்குப் பிறகும் மில்லன் 2008 செப்டம்பர் வரை இருந்தார். அவர் காலத்தில் 31 வெற்றி, 84 தோல்வி. முதலாளியின் மகனே "முடிவு என் கையில் இருந்தால் நீக்கியிருப்பேன்" என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்ன இரண்டாம் நாள்தான் அனுப்பினார்கள். அந்த சீசனில் ஆடிய ஆட்டம் 16. தோற்ற ஆட்டம் 16.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்த நான் பிறகு என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். டிசைன் நன்றாகச் செய்கிறேன் என்று 2016இல் எட்டு பேர் கொண்ட டீமுக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். ஒரு பிராக்கெட் டிசைன். அதிர்வுச் சோதனையில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டது. பொறுப்பில் இருந்த பையனை மாற்றினேன். மறுபடி விரிசல். அடுத்தவனையும் மாற்றினேன். மறுபடி அதே இடத்தில் அதே விரிசல். எடை குறைக்க வேண்டும் என்று தகட்டின் கனத்தை ஆரம்பத்திலேயே குறைத்தவன் நான். அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்த பெரியவர், "தம்பி, நீ மில்லன் ஆயிட்டே" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த இரண்டு பையன்களையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கனத்தைக் கூட்டினோம், விரிசல் நின்றது.

லயன்ஸ் மட்டும் திருந்தியதா? ஜிம் கால்ட்வெல் என்ற கோச் நான்கு வருடத்தில் 36 வெற்றி, 28 தோல்வி என்று ஓரளவு நிமிர்த்தினார். இது போதாது என்று 2018 புத்தாண்டு அன்று அவரை நீக்கினார் அப்போதைய ஜெனரல் மேனேஜர் பாப் குவின். அடுத்து, தான் முன்பு வேலை செய்த நியூ இங்கிலாந்து அணியிலிருந்து மேட் பட்ரீஷியாவைக் கொண்டுவந்தார். பட்ரீஷியா ஏரோநாட்டிக்கல் இஞ்சினியரிங் பட்டதாரி, காதில் எப்போதும் பென்சில். "நம்ம ஆளு!" என்று நான் ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டேன். 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு டிரா. நம் பட்டத்தின் மானம் போயிற்று. 2020 நவம்பரில் இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள்.

அனுப்பியவர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப். பழைய முதலாளியின் மகள். அந்த வருடம் ஜூனில்தான் தன் தாயாரிடமிருந்து பொறுப்பேற்றிருந்தார். 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜர், டான் கேம்ப்பெல் கோச். கேம்ப்பெல், 16க்கு 16 தோற்ற அந்த 2008 அணியில் வீரராக இருந்தவர். தோல்வி எப்படி வலிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்ததும் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் 11 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை, ஒரே ஒரு டிரா. கடைசி நொடியில் ஒரு ஆட்டத்தை இழந்து, நிருபர்கள் முன்னால் கண் கலங்கினார் கோச். அந்த சீசன் முடிவில் 3 வெற்றி, 13 தோல்வி. ஆனால் பெரியவருக்குக் கோபமே வரவில்லை! ஏன் என்று கேட்டேன். "தோக்கறாங்க, வாஸ்தவம். ஆனா இந்த வாரம் செஞ்ச தப்பை அடுத்த வாரம் செய்யலை. எங்கே போறோம்னு தெரியுது" என்றார்.

2022 அக்டோபரில் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி என்று நின்றபோது, முதலாளி அம்மாவே நிருபர்கள் முன் வந்தார். தனக்கும் ஏமாற்றம்தான், ஆனால் செய்கிற வேலையில் நம்பிக்கை இருக்கிறது, பொறுமை வேண்டும் என்று சொன்னார். அடுத்த ஆட்டமும் தோல்வி. ஆனாலும் யாரையும் நீக்கவில்லை. மிச்சமிருந்த 10 ஆட்டத்தில் 8 வெற்றி.

2024 ஜனவரி 14. 32 வருடத்துக்குப் பிறகு பிளே-ஆஃப் வெற்றி, 24-23. எதிரணியில் ஆடியவர், 12 வருடம் டெட்ராய்ட்டுக்காக உழைத்து, அங்கே ஒரு பிளே-ஆஃப் வெற்றிகூடக் காணாமல் போன ஸ்டாஃபோர்டு. அன்று பெரியவர் தன் அப்பாவின் சீட்டில் என்னை உட்கார வைத்திருந்தார். ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. "அப்பா இருந்திருக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அரையிறுதி போன்ற ஆட்டம். பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. முடிவில் 34-31 தோல்வி. சுலபமாக மூன்று புள்ளி எடுக்கப் பார்க்கலாம் என்ற இடத்தில் இரண்டு தடவை கோச் துணிந்து வேறு முடிவு எடுத்தார், இரண்டும் பலிக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் வந்து நின்று, முடிவு என்னுடையது, விமர்சனம் வரும் என்று தெரியும் என்றார். 2002இல் காற்றைக் கேட்டவரை 20 வருடம் திட்டிய அதே ஊர், இவரை மாற்று என்று எழுந்து நிற்கவில்லை.

2024 கோடையில் நான் ஊர் திரும்பினேன். அந்த சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி. 2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை 6.30 மணிக்கு டி.வி. முன் உட்கார்ந்தேன். பிளே-ஆஃபில் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. பெரியவருக்குப் போன் போட்டேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். முன்பும் இதையேதான் சொல்வார். முன்பு அது விரக்தி, இப்போது அது திட்டம்.

ரசிகனுக்குத் தோல்வி பொறுக்கும், பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் பொறுக்காது. இதைத்தான் அந்த ஊரில் நான் கற்றுக்கொண்டேன்.

இப்போது நம் காருக்கு வருவோம். அந்தத் தம்பி சொன்ன கேப்டன், மூன்றாம் ஆண்டு மாணவி, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன வருடமும் தேறவில்லை, கேப்டனை மாற்றினோம். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். மதியம் நான் கேட்டது ஒன்றே: "பிரேக்கை ஏம்மா முன்னாடியே டெஸ்ட் பண்ணலை?" "வண்டி முடிஞ்சதே கிளம்பறதுக்கு முதல் நாள்தான் சார்" என்றார். ஏன் தாமதம்? பணம் வரவில்லை. ஜூலையில் நம் சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். நாம் செக் கொடுத்தது டிசம்பரில். ஜனவரியில் போட்டி. கையெழுத்துப் போட வேண்டிய நிதிக்குழுவில் நானும் ஒருவன். ஐந்து மாதம் அந்தக் காகிதம் எங்கள் மேஜைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. விரிசல் மறுபடி அதே இடத்தில்!

டெட்ராய்ட் ரசிகனுக்கு ஓட்டு கிடையாது. ஆரஞ்சு சட்டைதான் போட முடியும். நமக்கு அப்படியில்லை. இந்தக் கதையில் நாம் ரசிகர்கள் அல்ல, முதலாளிகள். ஆகவே தலைவர் அவர்களுக்கு இந்த மேடையிலேயே மூன்று வேண்டுகோள். அடுத்த ஆண்டு செக் ஆகஸ்ட் முடிவதற்குள் போக வேண்டும். ஒவ்வொரு டீமும் எங்கே, ஏன் தோற்றோம் என்று பத்துப் பக்கம் எழுதி லைப்ரரியில் வைக்க வேண்டும், அடுத்த டீம் அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அந்தத் தங்கச்சியே இன்னொரு வருடம் கேப்டனாக இருக்க வேண்டும். அவருக்கு இப்போது தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

காலையில் பேசிய தம்பிக்கு: உன் கோபம் நியாயம்தான், அதை விட்டுவிடாதே. மாற்ற வேண்டிய நாற்காலி எது என்று மட்டும் பார்த்துச் சொல். அது என் நாற்காலி என்றாலும் தயங்காமல் சொல்.

செயலாளர் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.