இரு கணினிகள், ஒரு களஞ்சியம்

கண்டி மாநகருக்கு அண்மையிலுள்ள பேராதனையிலிருந்து இயங்கும் நிறுவனங்களுள் ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பும் ஒன்றாகும். நாட்டின் பல்கலைக்கழகங்களைக் கணினி வழியே இணைப்பது அதன் பணி. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்று விரிவுரை மண்டபங்களை மூடியபோது, மாணவரின் கல்வி இத்தகைய வலையமைப்புகளையே நம்பி நின்றது. மலையகத்து லயமொன்றில் கைப்பேசியுடன் அமர்ந்திருக்கும் மாணவி பாடத்தைத் திறக்கும் வேளையில் சேவையகக் கணினி ஓய்ந்துவிடின், அன்றைய பாடம் அவளுக்கு இல்லையாகிவிடும்.

இக்குறையைப் போக்கவே சேவையகங்களைக் கொத்தணியாக அமைக்கின்றனர். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்கும். ஆயின், கணினிகள் இரண்டானாலும் கோப்புகள் உறையும் களஞ்சியம் பெரும்பாலும் ஒன்றே. அதனை எது, எப்போது திறப்பது என்பதே வினா.

சாதாரணக் கோப்பு முறைமை ஒரு நேரத்தில் ஒரு கணினியின் ஆட்சிக்கே உரியது. எவ்விடம் வெற்றிடம், எவ்விடத்தில் எக்கோப்பு என்னும் கணக்கை அக்கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாது இரு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் எழுதினால் கணக்கு என்னாகும்? இரு கணினிகள் ஒரே வட்டில் எழுதினாலும் அந்தக் கதியே நேரும்.

ஆதலால், கணினி இயங்கத் தொடங்கியவுடன் தானாகவே அவ்வட்டைத் திறக்க விடலாகாது. லினக்ஸ் கணினிகளில் அப்பொறுப்பைப் ‘பேஸ்மேக்கர்’ என்னும் மென்பொருளிடம் ஒப்படைப்பர். எந்த வட்டு, எந்த அடைவில் இணைப்பது, எவ்வகைக் கோப்பு முறைமை என்னும் மூன்றையும் அதற்கு அறிவித்தல் வேண்டும். வரிசையும் கூறல் வேண்டும்: முதலில் வட்டு, அடுத்துக் கோப்பு முறைமை, பின்னர் வலையமைப்பு முகவரி, இறுதியில் சேவை. இவையாவும் ஒரே கணினியில் அமைதல் வேண்டும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும்.

துணைக்கணினி மறுமொழி தராதபோது, அது வீழ்ந்ததோ, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்ததோ, யார் அறிவார்? அது உயிருடனிருந்து எழுதிக்கொண்டிருத்தலும் கூடும். எனவே அதன் மின்சாரத்தைத் துண்டித்து, அது ஓய்ந்ததென உறுதி பெற்ற பின்னரே களஞ்சியம் கைமாறும். இதனை வேலியிடல் என்பர். இதனை வீண்செலவென விட்டுவிடுவோர் களஞ்சியத்தையே பணயம் வைப்பவராவர்.

முடிவெடுக்கக் கூட்ட நடப்பெண்ணும் தேவை. கண்டித் தலதா மாளிகையின் தந்ததாதுப் பேழைக்குரிய திறவுகோல்கள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயகர் இருவரிடமும் தியவதன நிலமேயிடமும் உள்ளன. ஒருவர் தனித்துத் திறத்தல் இயலாது. அங்கு மூவரும் கூட வேண்டும்; மூன்று கணினிகள் கொண்ட கொத்தணியிலோ இரண்டு இசைந்தால் போதும். தனித்துப்போன ஒன்று ஒதுங்கி நிற்கும்.

எனினும், கொத்தணி சேவையைக் காக்குமேயன்றி, அழிந்த கோப்பை மீட்டுத் தராது. தவறாக அழித்த கோப்பு, எக்கணினி வழியே நோக்கினும் அழிந்ததே. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க முகிலைக் கப்பங்கோரும் மென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்திற்கு, வலையமைப்பினின்று விலக்கி வைத்த பிரதி இருக்கவில்லை.

ஆகவே, கல்லூரியாயினும் காரியாலயமாயினும், இரண்டாவது கணினியை வாங்குவோர் வேலியையும் தனிப்பிரதியையும் சேர்த்தே திட்டமிடுதல் நன்று.