ஊரார் எழுதும் பொதுக் கணக்கு

(அம்மையார்குப்பத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணக்கு. பணக் கணக்கு அன்று, தண்ணீர்க் கணக்கு. எவ்வளவு மழை பெய்தது, கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது, அந்த நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்பவற்றை ஊராரே அளந்து, ஊராரே எழுதி, யாவரும் காண வைக்கும் கணக்கு. அதனை எவ்வாறு தொடங்குவது என்பதைவிட, எவ்வாறு ஆள்வது என்பதே பெரிய கேள்வி.

கிணறு வற்றினால் நாம் என்ன செய்கிறோம்? கடன் வாங்கி ஆழ்துளை போடுகிறோம். அடுத்த நிலத்துக்காரர் அதனினும் ஆழமாகப் போடுகிறார். பூமிக்கு அடியில் இருக்கும் நீர் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் ஒருவர் எடுப்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. தெரியாததனால் போட்டி, போட்டியினால் கடன். இங்கே தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் குடிநீரும் சாயத்துக்கு வேண்டிய நீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வரவேண்டும். ஆகையால் இது உழவருக்கு மட்டும் உரிய விஷயம் அன்று.

அண்டை மாவட்டத்து அனுபவம்

திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது என்பதை மூத்தோர் அறிவார்கள். அந்தச் சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், 2003 ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. நெதர்லாந்து அரசின் நிதியும், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையும் அதற்கு இருந்தன. 638 ஊர்கள் அதில் பங்குகொண்டன.

அங்கே நிபுணர்கள் வந்து அளந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆண்களும் பெண்களுமாக விவசாயிகளே மழைமானியைப் பார்த்தார்கள். கிணற்று நீர்மட்டத்தை அளந்தார்கள். மோட்டார் எவ்வளவு நீர் இறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். அளந்தவற்றை ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பயிர்வைக்கும் காலத்துக்கு முன் ஊர் கூடி, இருக்கும் நீர் இவ்வளவு, நினைத்திருக்கும் பயிருக்கு வேண்டிய நீர் இவ்வளவு என்று வரவுசெலவுத் திட்டம் போட்டார்கள். இன்ன பயிர்தான் வைக்கவேண்டும் என்று எவரும் ஆணையிடவில்லை, அபராதமும் இல்லை. கணக்கைக் கண்டபின் தீர்மானம் அவரவருடையது. ஆயினும் நெல்லைக் குறைத்து, குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறியவர் பலர்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். நம்முடையது போன்ற பாறைப் பாங்கான பூமியில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கே கீழே இறங்கும். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். நிலக்கடலைக்கு 500 முதல் 600 வரை போதும். ஓர் ஏக்கர் நெல்லின் நீரில் இரண்டு ஏக்கர் கடலை விளையும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

கணக்கு யாருக்குச் சொந்தம்?

பலர் சேர்ந்து எழுதும் கணக்கு இறுதியில் யாருக்குச் சொந்தம்? இக்கேள்வி கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. கம்ப்யூட்டர் உலகிலும் இதே கேள்வி எழுந்தது.

கடைகளில் விற்கும் செல்பேசிகள் பல வகை. ஒன்றின் திரை சிறியது, ஒன்றினது பெரியது. ஒன்று காட்டும் படத்தை மற்றொன்று காட்டாது. இவற்றின் இயல்புகளை எல்லாம் ஒரே பட்டியலில் தொகுக்க, பல நாட்டு வல்லுநர்கள் ஊதியம் கருதாமல் தகவல் தந்தார்கள். ‘வர்ஃபுல்’ என்பது அப்பட்டியலின் பெயர். 2011 ஆம் ஆண்டில், அதனை நடத்தியவர்கள் ஒரு கம்பெனி அமைத்து, பட்டியலைப் பயன்படுத்துவதற்குப் புதிய நிபந்தனைகளை விதித்தார்கள். பலர் கைகொடுத்து வளர்ந்த பட்டியல் யாருடையது என்ற வழக்காடல் எழுந்தது. அதிருப்தியுற்ற சிலர் வேறொரு பட்டியலைத் தொடங்கினார்கள். 2012 இல் அப்பாச்சி என்னும் பொது அறக்கட்டளை அம்முயற்சியை ‘டிவைஸ்மேப்’ என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

அந்த அறக்கட்டளையின் விதிகள் நம் கவனத்துக்கு உரியவை. விவாதம் பகிரங்கமாக நடக்கும். தொடர்ந்து உழைத்து நம்பிக்கை பெற்றவருக்கே கணக்கைத் திருத்தும் உரிமை. அவர் வேலைபார்க்கும் கம்பெனிக்கு அன்று. ஒவ்வொரு திருத்தத்திலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற சுவடு நிற்கும். இத்தனை நல்ல விதிகள் இருந்தும், அத்திட்டம் 2017 இல் மூடப்பட்டது. விதி இருந்தால் மட்டும் போதாது. நாள்தோறும் எழுதும் கையும் வேண்டும்.

ஆந்திரத்து அனுபவமும் இதையே கூறுகிறது. திட்டத்தின் உதவி நின்றபின், பல ஊர்களில் நீர்க் குழுக்கள் தளர்ந்துபோயின என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விதி இல்லாத கணக்கு சண்டையில் முடியும். கை இல்லாத கணக்கு தூசியில் முடியும்.

நமக்கு வேண்டிய ஏற்பாடுகள்

கணக்கை ஆள்வது நம்மவர்க்குப் புதிதன்று. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த விதம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாரியப் பொறுப்பு 360 நாட்களுக்குத்தான். பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ட அந்த ஞானத்தை இன்றைய தேவைக்குப் பொருத்திக்கொள்வோம்.

முதலாவது, அளவு ஒரே விதமாய் இருத்தல் வேண்டும். மழையைக் காலை எட்டரை மணிக்குப் பார்க்கவேண்டும். கிணற்று நீர்மட்டத்தை மோட்டார் போடுவதற்கு முன், கைப்பிடிச் சுவரில் இட்ட ஒரே அடையாளத்திலிருந்து அளக்கவேண்டும். பாவில் ஓர் இழை தப்பினால் சேலை முழுவதும் அது தெரியும் என்பதை இவ்வூராருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது, எழுதுவோர் ஒருவராய் இருத்தலாகாது. குக்கிராமத்துக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பேர் மாறட்டும். பழையவர் புதியவருக்குக் கற்றுத்தந்த பின்பே விலகவேண்டும். ஒருவர் நோயுற்றாலும் ஊரை விட்டுப் போனாலும் கணக்கு நிற்கக்கூடாது.

மூன்றாவது, பிழையை அழிக்கலாகாது. தவறான எண்ணின்மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான எண்ணும் திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் இருக்கவேண்டும். செல்பேசியில் எழுதினாலும் இதே முறைதான். எவரும் ஆட்சேபம் சொல்லலாம். சொன்னால் இருவர் சென்று மீண்டும் அளக்கவேண்டும்.

நான்காவது, கணக்கு கிராம சபைக்குச் சொந்தமாய் இருத்தல் வேண்டும். அதை நகல் எடுக்க எவருக்கும் உரிமை உண்டு. தனக்கே உரியது என்று பூட்டிவைக்க எவருக்கும் உரிமை இல்லை. 1980 வரை ஊர்க் கணக்கு கர்ணத்தின் பெட்டியில் இருந்தது. இன்று அது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் போய்விடுமானால் பெட்டி மாறியதேயன்றி நிலைமை மாறவில்லை. தானியங்கி மழைமானியோ நீர்மானியோ வைத்துத்தர எவரேனும் முன்வந்தால், நன்றியோடு ஏற்போம். ஆனால் அதில் பதியும் அளவுகள் முழுவதும் ஊருக்கு வந்துசேரும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வோம்.

ஐந்தாவது, கிணற்றைக் காட்டியவருக்குத் தீங்கு வரலாகாது. அவர் சம்மதித்தால்தான் அளக்கவேண்டும். அவருடைய கடன், குடும்ப விவரம் முதலியவை பலகைக்கு வரலாகாது. ஒருவரை இழிவுபடுத்தக் கணக்கைப் பயன்படுத்தினால், மறுநாளே மற்றவர்கள் கிணற்றை மூடிவிடுவார்கள். கணக்கின் உயிர் நம்பிக்கையில்தான் இருக்கிறது.

பெரியோர்களே! மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடுவதும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அந்நாளில் ஆண்டுக் கணக்கைச் சபையில் படித்துக் காட்டுவது பொருத்தமாகும். அதற்குள் ஒரு மழைமானியும், ஓர் அளவு நாடாவும், ஒரு கரும்பலகையும், பத்துக் கிணறுகளும் போதும். பெரிய செலவு இல்லை. சர்க்கார் உதவி வரட்டும் என்று காத்திராமல் தொடங்குங்கள். உதவி நின்றாலும் நிற்காதபடி நடத்துங்கள்.

நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரியச்செய்வது ஊராரின் கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒரு வரியாவது எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.