சூதைத் தடுக்க ஊர் கூட வேண்டாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உத்திரமேரூர்க்காரன் மேடை ஏறினால் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இறங்கமாட்டான் என்று ஒரு கிண்டல் உண்டு. அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு இரண்டு சங்கதி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று ஊர் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. சூது நுழைந்த வீட்டில் முதலில் காணாமல் போவது கணக்குதான். அதனால்தான் இதை ஞாபகப்படுத்தினேன்.

நம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சூது புதிது இல்லை. புளியமரத்தடியில் மங்காத்தா, பொங்கல் சமயத்தில் சேவல் பந்தயம், டவுன் பக்கம் காட்டன் நம்பர். 1968-இல் அரசாங்கமே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. பிறகு சுரண்டல் லாட்டரி வந்து கூலிக்காரர் வீட்டு அடுப்பை அணைத்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கே தடை வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். சில வருஷத்தில் சீட்டுக்கட்டு செல்போனுக்குள் புகுந்துகொண்டது.

அதற்கும் சட்டம் வராமல் இல்லை. நீதியரசர் சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் ரம்மி, போக்கருக்குப் போட்ட தடை செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். ஏற்கெனவே வாங்கிய கடனை யார் மூடுவது? வெளிநாட்டிலிருந்து நடத்துகிற பந்தய ஆப்புக்கு யார் பூட்டுப் போடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிலச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை உண்டு. புருஷனை உள்ளே தள்ளவா ஒருத்தி ஸ்டேஷன் படி ஏறுவாள்? மாட்டாள். அவள் ஏறத் துணிகிற படிகள் வேறு. அந்தப் படிகளைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சு.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். விவசாயி வைக்கிற நகைக்கு ஒரு பட்டம் உண்டு. சொர்ணவாரிக்கு வைப்பார், சம்பாவுக்கு வைப்பார், நெல் போட்டதும் மீட்பார். சூதுக்கு வைக்கிற நகைக்குப் பட்டம் கிடையாது. இந்த வாரம் ஆரம், அடுத்த வாரம் வளையல், பிறகு ஒரு நாள் காதுக் கம்மல். (ஐ.பி.எல். என்று ஒரு பட்டம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்பார்கள் இப்போது கவுண்டரில் இருப்பவர்கள்.) எனக்கு நகை தெரியும். மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநருக்குத் தவணை தவறியது தெரியும். வாத்தியாருக்குப் பையன் வராதது தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு அந்த அம்மாவின் தூக்கமின்மை தெரியும். நாலு பேருக்கும் கால் கால் பங்குதான் தெரியும். முழுசாகத் தெரிகிற போது பல வீடுகளில் காலம் கடந்துவிடுகிறது. சில வீடுகளில் ஆளே இல்லை.

அப்படியானால் நாலு பேரும் உட்கார்ந்து, "இன்னார் வீட்டில் இன்னது நடக்கிறது" என்று பேசிக்கொள்ளலாமா? கூடவே கூடாது. வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்வது தப்பு என்பது ஒரு பக்கம். பெயர் வெளியே வந்தால் அந்தக் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிசு. ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஆளை அங்கே அனுப்பினால் போதும். பேச்சை எடுத்துப் போவது அந்த வீட்டுப் பெண்ணாகவே இருக்கட்டும்.

நான் கேள்விப்பட்ட ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் மூன்று தவணை கட்டவில்லை. கூட்டாகப் பொறுப்பேற்று வாங்கிய கடன் அல்லவா, மற்றவர்களுக்குக் கோபம். வாசலில் போய் உட்காரலாம் என்றார்கள். ஊக்குநர் தடுத்துவிட்டுத் தனியாகப் போனார். "அக்கா, பணத்தப் பத்தி அப்புறம் பேசலாம். வீட்ல என்ன நடக்குது?" என்றாராம். "அவரு போன்ல ஆடுறாரு. விட்டதைப் புடிக்கிறேன்னே எல்லாத்தையும் விட்டுட்டாரு. எத்தனை ஆப்ல கடன் வாங்கியிருக்காருன்னு எனக்கே தெரியாதும்மா" என்று அழுதிருக்கிறார். அன்று ராத்திரியே இரண்டு பேரும் உட்கார்ந்து, போனுக்கு வந்த செய்திகளைப் பார்த்துக் கடன்களை ஒரு நோட்டில் எழுதினார்கள். குழு தவணையைத் தள்ளிப்போட்டுத் தீர்மானம் எழுதியது, காரணத்தை எழுதவில்லை. அவ்வளவுதான் அந்தக் குழு செய்தது. என்னைக் கேட்டால், பத்து விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு அந்த ஒரு நோட்டு சமம்.

அதற்கு மேல் குழுவால் தனியாகப் போக முடியாது. கந்துவட்டிக்காரன் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆடாமல் இருக்க முடியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள நோய். அதற்கு டாக்டர் வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். பணத்தை ஏமாற்றிப் பறித்திருந்தால் 1930. இந்த இரண்டு எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஒரு கிராம சபைத் தீர்மானம் போதும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. யார் பெயரையும் சொல்லாமல் பேசக்கூடிய விஷயம் இது.

நியூசிலாந்தில் 2003-இல் ஒரு சூதாட்டச் சட்டம் கொண்டுவந்தார்கள். சூதின் கேடு என்றால் ஆடுகிறவனுக்கு வருவது மட்டுமல்ல. மனைவிக்கு, குடும்பத்துக்கு, வேலை செய்யும் இடத்துக்கு, ஊருக்கு வருவதும் கேடுதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மதுக்கடை, கிளப்புகளில் வைக்கும் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றி ஒவ்வொரு உள்ளாட்சியும் கொள்கை வகுத்து, 3 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு அது சட்டைப் பைக்குள் இருக்கிறது. ஆகவே உள்ளாட்சி மட்டும் போதாது, குழுவும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தாக வேண்டியிருக்கிறது.

தம்பிகளே, உங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு வேண்டுகோள். கோஷம் போட்டது போதும்ப்பா. ஒரு ஊரில் ஏழு நாள் தங்குகிறீர்கள். சாயங்காலம் குழுக் கூட்டத்துக்குப் போய், தானாகப் பணம் பிடிக்கிற அனுமதியைப் போனில் எப்படி நிறுத்துவது, கடன் ஆப்பை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் ஹாஸ்டல் ரூமில் விட்டதைப் பிடிக்கிற நண்பன் யாராவது இருந்தால், அவனுக்குக் கைமாற்று கொடுக்காமல் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். கூட உட்கார்ந்து பேசுங்கள்.

நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பேங்க்காரர்கள் இருக்கிறீர்கள், டாக்டர்களும் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, உத்திரமேரூரில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. போர்டில் 'கடன் ஆலோசனை' என்று மட்டும் எழுதலாம். சூது என்று எழுதினால் ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போது பெயரும், எந்த ஞாயிறு தோதுப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.