காயத்திற்கு ஓர் ஊசி போதுமா?



காலில் ஆணி குத்தினால் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, கடமை முடிந்ததென நாம் வீடு திரும்பிவிடுகின்றோம். மண்ணிலும் சாணத்திலும் மறைந்து கிடக்கும் டெட்டனஸ் கிருமிக்கு எல்லா வேளையிலும் அது போதுமானதன்று. தடுப்பூசி நம் உடலில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கப் பல நாட்கள் ஆகும். இம்யூனோகுளோபுலினோ ஆயத்தமான எதிர்ப்புச் சக்தியை உடனே அளிக்கின்றது. ஆயினும் அது சில வாரங்களே நிலைக்கும்.

எனவே, முன்னர் 3 தவணைத் தடுப்பூசி போடாதவருக்கும், போட்டது அறியாதவருக்கும் அழுக்கடைந்த காயம் ஏற்பட்டால் இரண்டுமே தேவை. வழக்கமாக 250 யூனிட் மருந்தை, தடுப்பூசி போட்ட இடமன்றி வேறிடத்தில், தனி ஊசியால் தசையில் செலுத்துவர். இரத்தக் குழாயில் செலுத்தலாகாது. ஒவ்வாமை கண்டவரும், இரத்தம் உறையாக் குறையுடையவரும் மருத்துவரிடம் முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

முதலில் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுவோம். தடுப்பூசிச் சீட்டைப் பேணிக் காப்போம். இம்யூனோகுளோபுலின் போட்டாயிற்றே என்று, விடுபட்ட தவணைகளை விட்டுவிடாதிருப்போம்.