மாடியில் சோலார் போடலாமா? முதலில் மின் கட்டண ரசீதை எடுங்க!

(திண்டுக்கல் நகர், சுற்றுவட்டார மக்களுக்கான விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலை மின்சாரமாக மாற்ற அரசு மானியம் தருகிறது, அதுவும் 78,000 ரூபாய் வரை. விளம்பரங்களில் இதைப் பார்த்திருப்பீங்க. "கரண்ட் பில்லே வராது" என்று சொல்லி வீட்டு வாசலுக்கே ஆள் வந்திருக்கலாம்.

திட்டம் உண்மைதான், மானியமும் உண்மைதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் சோலார் லாபமா? லாபம் என்றால் எத்தனை கிலோவாட் போடணும்? இந்தக் கேள்விக்கான பதில் கடைக்காரரிடம் இல்லை, உங்கள் மின் கட்டண ரசீதில் இருக்கிறது. அதனால் செல்போனில் டிஎன்பிடிசிஎல், அதாவது நம்ம மின்வாரிய இணையதளத்தைத் திறந்து, கடைசி ஆறு ரசீதுகளில் எத்தனை யூனிட் என்று குறித்து வைத்துக்கொண்டு மேலே படிங்க. கோடை மாதங்களின் ரசீதும் அதில் இருக்க வேண்டும்.

திட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றிய அரசின் "பிஎம் சூர்யா கர்" திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. நாடு முழுவதும் 1 கோடி வீடுகளுக்கு என்பது இலக்கு. 2026-27 நிதியாண்டு வரை திட்டம் நடைமுறையில் இருக்கும். மானியக் கணக்கு எளிமையானது.

1 கிலோவாட்: 30,000 ரூபாய்
2 கிலோவாட்: 60,000 ரூபாய்
3 கிலோவாட்டும் அதற்கு மேலும்: 78,000 ரூபாய்

ஐந்து கிலோவாட் போட்டாலும் பத்து கிலோவாட் போட்டாலும் 78,000தான். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குச் சங்கத்தின் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. கடைக்கான வணிக இணைப்புக்கு இந்த மானியம் கிடையாது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் வீட்டு இணைப்புக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்.

ஒரு கிலோவாட் என்றால் எவ்வளவு?

ஒரு கிலோவாட் பேனல் நம்ம பக்கம் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 120, ரெண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை.

செலவு? மானியத்துக்குத் தகுதியான, இந்தியாவிலேயே தயாரான பேனலோடு, எல்லா வேலையும் சேர்த்து, 1 கிலோவாட்டுக்கு 70,000, 2 கிலோவாட்டுக்கு 1,35,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாய் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது முன்பின் இருக்கும். சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் கொட்டேஷனில் அந்தக் குறைப்பு வந்திருக்கிறதா என்று பாருங்க.

இனி ரசீதுக்கு வருவோம்

2025 நிலவரப்படி தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரெண்டே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், 400 வரை நாலே முக்கால் ரூபாய் அளவில். 400ஐத் தாண்டினால் ஆறு ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பது ரூபாய்க்கு மேல். அத்தோடு 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த ரெண்டே கால் ரூபாய்ச் சலுகையும் போய்விடும்.

சோலாரின் லாபம் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. பேனல் தருகிற யூனிட் முதலில் உங்கள் விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகளைக் கழிக்கும். கீழ்ப்படிக்கு வர வர லாபம் குறையும். மூன்று வீடுகளை உதாரணமாக எடுத்துக்கலாம்.

முதல் வீடு: ரெண்டு மாதத்துக்கு 250 யூனிட். மின்விசிறி, டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஏசி இல்லை. கட்டணம் சுமார் 470 ரூபாய். வருஷத்துக்கு 2,800 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் கட்டணம் கிட்டத்தட்ட முழுக்கப் போகும். ஆனால் மானியம் போக கைக்காசு 40,000. போட்ட பணம் திரும்ப 14 வருஷம் ஆகும். இந்த வீட்டுக்கு இப்போது சோலார் அவசரம் இல்லை. இலவச மின்சாரமும் சலுகை விலையுமே உங்களுக்கு நல்ல உதவியாக இருக்கிறது.

இரண்டாவது வீடு: 500 யூனிட். கட்டணம் சுமார் 1,800 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகர யூனிட் 260 ஆகும், கட்டணம் 520 ரூபாய்க்கு இறங்கும். வருஷத்தில் 7,700 ரூபாய் மிச்சம். 40,000 ரூபாய் ஆறு வருஷத்துக்குள் திரும்பிவிடும்.

மூன்றாவது வீடு: 700 யூனிட். ஏசி ஓடுகிற வீடு. கட்டணம் 3,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும். மிச்சம் 220 யூனிட்டுக்குச் சுமார் 330 ரூபாய்தான் வரும். வருஷத்துக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய் மிச்சம். மானியம் போகச் செலவு 75,000. நாலு வருஷத்துக்குள் பணம் கைக்கு வந்துவிடுகிறது.

இதே வீட்டில் "78,000 முழு மானியம் வாங்குங்க சார்" என்று 3 கிலோவாட் போடச் சொன்னால்? கட்டணம் பூஜ்யம் ஆகும், சரிதான். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் கூடுதலாக மிச்சப்படுத்துவது மீதமிருந்த 330 ரூபாயை மட்டும். வருஷத்துக்கு 2,000 ரூபாய். அதற்காக உங்கள் கையிலிருந்து போவது 42,000. அந்தப் பணம் திரும்ப 21 வருஷம்! மானியம் அதிகம் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய அளவு போட வேண்டாம். சீக்கிரம் இன்னொரு ஏசி வாங்கப் போறீங்க, மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போறீங்க என்றால் கணக்கு மாறும். அப்போது 3 கிலோவாட் சரியாக இருக்கும்.

கட்டணம் மாறினாலும் கணக்குப் போடும் முறை இதுதான். உங்கள் யூனிட்டை வைத்து நீங்களே போட்டுப் பாருங்க.

மீட்டர் எப்படி வேலை செய்யும்?

பாஸ்புக் மாதிரிதான். பகலில் பேனல் தருவதில் வீட்டுக்குத் தேவையானது போக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், அது வரவு. ராத்திரி நீங்க எடுப்பது செலவு. ரெண்டையும் தனித்தனியாக எண்ணுகிற இருவழி மீட்டர் பொருத்துவார்கள். அதனால் இந்த முறையில் பேட்டரி தேவையில்லை.

இங்கே ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஒன்று, கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 2011இல் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகளில் விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் "அங்க எரியுதே" என்று கேட்பார்கள். அது பேட்டரி வைத்த தனி அமைப்பு, இது வேறு. இரண்டு, புது மீட்டர் வரும் முன்னால் "சும்மா ஆன் பண்ணிப் பார்க்கலாம்" என்று யாரும் சொன்னால் சம்மதிக்காதீங்க. பழைய மீட்டர் நீங்க அனுப்புகிற யூனிட்டையும் செலவாக எண்ணிவிடலாம். கம்பத்தில் வேலை செய்பவருக்கும் ஆபத்து.

விண்ணப்பம்: வரிசையாக

1. முதலில் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்க. நம்ம ஊரில் நிறைய வீடுகளில் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். விண்ணப்பம், மானியம் வருகிற வங்கிக் கணக்கு எல்லாம் இணைப்புதாரர் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்தை மின்வாரிய இணையதளத்தில் முடித்துவிட்டு வாங்க.

2. பிஎம்சூர்யாகர் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தேசிய இணையதளத்தில், அல்லது அதன் செயலியில், செல்போன் எண்ணால் பதிவு செய்யுங்க. மாநிலம், மின் நிறுவனம், மின் இணைப்பு எண் கொடுத்து விண்ணப்பியுங்க. 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி மாற்றப்பட்டுவிட்டது.

3. அதே தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்க. பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் கிடைக்காது.

4. பொருத்தி முடித்ததும் மீட்டருக்கு விண்ணப்பம், மின்வாரிய ஆய்வு, பிறகு இயக்கச் சான்று. சான்று வந்த பிறகு தளத்தில் வங்கி விவரம் பதிய வேண்டும். மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். ஆக, முதலில் முழுத் தொகையையும் நீங்கதான் ஏற்பாடு செய்யணும். 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய் வரை, சொத்து அடமானம் இல்லாத வங்கிக் கடன் உண்டு. அதற்கும் அதே தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாடி உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளர்தான் முன்வர வேண்டும். அண்ணன் தம்பி பொதுச் சொத்து என்றால் எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிட்டு வேலையை ஆரம்பிங்க.

கொட்டேஷனில் என்ன பார்க்கணும்?

பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் நிறுவனப் பெயரும் மாடலும் எழுதியிருக்கணும். இரண்டின் உத்தரவாதமும் தனித்தனி. பேனலுக்கு 25 வருஷம் வரை தருவார்கள், இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவு. பிற்பாடு ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் மனதில் வையுங்க. ஐந்து வருஷப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு, அதை ஒப்பந்தத்தில் பாருங்க. மீட்டர் கட்டணம் யார் கட்டுவது, எர்த்திங், இடிதாங்கி சேர்த்தா என்று கேளுங்க.

நம்ம பகுதிக்கென்று சில கேள்விகளும் உண்டு. ஆடிக் காற்றுக்குத் தாங்குகிற ஸ்டாண்டா? வடகமும் மிளகாயும் காயப்போட இடம் வேணும் என்று ஸ்டாண்டை ஆள் உயரத்துக்குத் தூக்கினால் செலவு கூடும், காற்றும் அதிகம் பிடிக்கும். தளத்தில் துளை போடுகிறார்களா, கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்துகிறார்களா? துளை என்றால் மழைநீர் ஒழுகாமல் அடைப்பது யார் பொறுப்பு? பேனல் தெற்குப் பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வில் இருப்பது நமக்குச் சரி. தண்ணீர்த் தொட்டி நிழலோ, பக்கத்து வீட்டுத் தென்னை நிழலோ காலை 9 மணி முதல் 3 மணி வரை விழாத இடமாகப் பாருங்க. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம்.

போட்ட பிறகு பெரிய வேலை இல்லை. தூசி படிந்தால் மாதம் ரெண்டு தடவை, அதிகாலையில் அல்லது சாயங்காலம் கழுவுங்க. உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றாதீங்க. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் திட்டு படியும், காய்வதற்குள் துடைத்துவிடுங்க. சிறுமலை, பழனி மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் குரங்கு வயரை இழுக்காதபடி குழாய்க்குள் கொண்டுபோகச் சொல்லுங்க.

ஏமாறாமல் இருக்க

"முன்பணம் கட்டினால் மானியம் வாங்கித் தருகிறோம்", "ஓடிபி சொல்லுங்க" என்று வருகிற அழைப்பை நம்பாதீங்க. மானியம் வாங்க இடைத்தரகர் தேவையே இல்லை. இன்வெர்ட்டர் செயலியின் கடவுச்சொல்லை நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கி உங்கள் செல்போனில் வையுங்க. தினமும் எத்தனை யூனிட் என்று அதில் தெரியும். நல்ல வெயில் நாளில் 2 கிலோவாட் பேனல் எட்டு யூனிட் பக்கம் வராவிட்டால் உடனே கேளுங்க.

திட்டம் பற்றிய சந்தேகத்துக்கு 15555 என்ற எண். மீட்டர், மின்வாரியம் சம்பந்தமான புகாருக்கு மின்னகம் 94987 94987. வருஷ முடிவில் மிச்ச யூனிட் கணக்கு எப்படித் தீர்க்கப்படும் என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

இன்று ராத்திரி ஒரு வேலை மட்டும் செய்யுங்க. ஆறு ரசீதின் யூனிட்டையும் கூட்டி ஆறால் வகுங்க. 300க்குள் வந்தால் காத்திருக்கலாம். 400, 500 என்றால் 1 கிலோவாட் பற்றி விசாரிங்க. 600, 700 என்றால் 2 கிலோவாட்டுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குங்க. அதற்கும் மேல் போனால் 3 கிலோவாட் பற்றி யோசிங்க. இந்த ஒரு எண் கையில் இருந்தால், வாசலுக்கு வருகிறவர் எவ்வளவு பேசினாலும் உங்களுக்கு என்ன வேணும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.