தரையில் அமர்ந்த விருந்தினர்



"நம் பண்பாட்டில் அந்நியக் கலப்பு தேவையா?" என்பது இன்றைய தலைப்பு. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. மாரியம்மன் படமும் மாதா படமும் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் தொங்கின. மாதா படத்தைக் காட்டி, "அது வெள்ளைக்காரன் சாமிதானே" என்று புண்படப் பேசியவர்களும் நம்மவர்கள்தாம். அவர்களுக்காகவே ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

1656-ஆம் ஆண்டு. நம் பக்கத்து மலாக்கா டச்சுக்காரர் கையில் இருந்த காலம். ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் என்ற ஓவியர் செப்புத் தகட்டில் ஆபிரகாமை வரைந்தார். முஸ்லிம் அன்பர்கள் நபி இப்ராஹிம் என்று போற்றுபவர் இவரே. அந்த வேலை பால்மரம் சீவியவர்களுக்குச் சட்டென்று புரியும். தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் விடுவார்கள். நம் ஸ்டோரில் ஆசிட் பாலை உறைய வைத்தது. அங்கே கீறல் விழுந்த இடத்தில் செம்பை அரித்தது. அந்தப் பள்ளத்தில் மை தடவி அச்செடுத்தால் படம்.

விவிலியத்தில் ஆபிரகாம் மூன்று வழிப்போக்கர்களை மரத்தடியில் உபசரிக்கிறார். ஐரோப்பிய ஓவியர் பலர் அவர்களுக்கு மேசை போட்டார்கள். ரெம்பிராண்ட் தரையில் உட்கார வைத்தார். எங்கே கற்றார்? மரத்தடியில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் முகலாய ஓவியம் ஒன்றை அவர் படியெடுத்திருக்கிறார். அந்தப் படி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இப்படி அவர் படியெடுத்தவை இருபதுக்கும் மேல் கிடைத்துள்ளன. தமிழன் ஓவியம் என்று யாரும் கைதட்டிவிட வேண்டாம். அது வட இந்திய அரசவைக் கலை. ஆனால் வெள்ளைக்காரன் படம் என்றோமே, அதில் விருந்தினர் உட்கார்ந்திருப்பது இந்தியப் பாணியில். வீட்டுக்காரர் ஆபிரகாமோ அவர்களுக்கும் கீழே, கையில் கூஜாவோடு பணிந்து நிற்கிறார்.

என் கண் போய் நிற்பது இன்னோர் இடத்தில். கதவுக்குப் பின்னே சாரா ஒட்டுக் கேட்கிறாள். அருகே ஒரு சிறுவன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வில்லும் கையுமாக. அவன் இஸ்மயேல், பணிப்பெண்ணின் மகன். சாராவுக்கு மகன் பிறப்பான் என்கிறார்கள் விருந்தினர். அவன் பிறந்த பிறகு, கொஞ்சம் அப்பமும் ஒரு தோல்பைத் தண்ணீரும் கொடுத்து இஸ்மயேலையும் தாயையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. அந்த முதுகை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தின் பிரதி மேசையில் இருக்கிறது. பார்த்துவிட்டு எதிரணியினர் பேசட்டும்.